பனி நனைத்த ஸ்கூட்டர் சீட்டும் பிள்ளையின் பேச்சும்

"ஸ்கூல்ல இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லப்பா."

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிற வீடுகளில் சாயங்காலந்தோறும் நடக்கும் உரையாடல் இது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. எதிரே உட்கார வைத்துக் கேட்டால் வாயே திறக்க மாட்டாள். 2024 மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு நாள் அவளாகவே சீக்கிரம் விழித்துக்கொண்டு, பால் பூத்துக்கு என்னோடு கிளம்பினாள். வாசலில் நின்ற ஸ்கூட்டரின் சீட் முழுக்கப் பனி முத்து முத்தாக நின்றது. ஆள்காட்டி விரலால் அதில் தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்துக்கு இடம் பற்றவில்லை. கீழே மடக்கி எழுதினாள். பிறகு தெருவில் நடக்கும்போது, நான் எதுவும் கேட்காமலே, பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஒரு வாரமாகத் தன்னோடு பேசுவதில்லை என்று சொன்னாள். ஒரு வாரம்! ஏழு சாயங்காலமும் நான் கேட்டிருந்தேன்.

அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். படித்தும் பார்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "சொல்லு" என்று கேட்பது பெரியவர்களுக்கே விசாரணை மாதிரி இருக்கும். குழந்தைக்கு எப்படி இருக்கும்? பக்கத்தில் நடக்கும்போது இருவர் கண்ணும் வேறு எதன் மேலோ இருக்கிறது. பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசாமல் இருந்தாலும் உறுத்துவதில்லை. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு நாய்க்குட்டியைப் பார்க்கலாம், பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குழந்தை வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் இதன் வேரைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லும் பெயர் கூட்டுக் கவனம். ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பிள்ளை, அம்மா பார்க்கும் திசையில் தானும் திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறது. பிறகு தானே விரல் நீட்டிக் காக்காயைக் காட்டுகிறது. காட்டிவிட்டு, அம்மா பார்த்தாளா என்று அவள் முகத்தைப் பார்க்கிறது. அந்தக் கடைசிப் பார்வையில்தான் எல்லாம் இருக்கிறது. காக்காய் தனக்கு வேண்டும் என்று பிள்ளை கேட்கவில்லை. நான் பார்ப்பதை நீயும் பார் என்கிறது. பேச்சு பழகுவதும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான். இருவரும் சேர்ந்து பார்க்கும் ஒன்றுக்கு அம்மா ஒரு பெயர் சொல்கிறாள், பெயர் அந்தப் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது.

நம் பாட்டிமார் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முற்றத்தில் நின்று, நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியது வேறென்ன? பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகையில் குழந்தையின் வளர்ச்சி பத்துப் பருவங்களாகப் பாடப்படுகிறது. அதில் ஏழாவது அம்புலிப் பருவம். பதினெட்டாம் மாதத்துக்கு உரியது. "என் பிள்ளையோடு விளையாட வா" என்று நிலாவைக் கூப்பிடுவது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் அதற்கு அடுத்து வருபவை சிற்றில், சிறுபறை, சிறுதேர். மணலில் கட்டிய வீடு, அடிக்கப் பறை, உருட்டத் தேர். எல்லாமே வாசலுக்கு வெளியே. குழந்தை வளர்வதைப் பாட வேண்டும் என்றால் அதை வெளியே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது அந்தப் புலவர்களுக்கு இயல்பாக இருந்திருக்கிறது.

இன்று நிலா இருந்த இடத்தில் செல்போன் இருக்கிறது. செல்போன் கெடுதல் என்று திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சாப்பிடாத பிள்ளையோடு மல்லுக்கட்டும் அம்மாவின் களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறேன். நிலாவை இருவரும் பார்த்தார்கள். செல்போனைப் பிள்ளை மட்டும் பார்க்கிறது, ஊட்டுகிறவர் கிண்ணத்தைப் பார்க்கிறார்.

சரி, ஏன் பனிக்காலம்? சென்னையையே எடுத்துக்கொள்வோம். மே மாதத்தில் பகல் வெப்பம் 37, 38 டிகிரியில் நிற்கும். பிள்ளையை வெளியே அனுப்ப மனசு வராது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. ஜனவரியில் பகலில் 29, 30 டிகிரி, விடியலில் 20, 21. மழை ஓயும் மார்கழி நடுவிலிருந்து மாசி பாதி வரை ஏறக்குறைய எட்டு வாரம். நம் ஊரில் உடம்பு வியர்க்காமல், வெயில் சுடாமல், பிள்ளையோடு மணிக்கணக்கில் வெளியே இருக்க முடிகிற காலம் வருஷத்தில் இது ஒன்றுதான். அந்த எட்டு வாரத்தில்தான் நாம் ஜன்னலைச் சாத்தி, பிள்ளையின் தலையில் குல்லா மாட்டி, உள்ளே வைத்துக்கொள்கிறோம்.

"தலையில பனி இறங்கிடும், குல்லா போடு." என் அம்மா இன்றும் சொல்வார். அவர் சொல்வது அன்பினால். அதனால் சண்டை போடுவதில்லை, குல்லா போட்டே கூட்டிப்போகிறேன். ஆனால் பனி மேலிருந்து இறங்குவதில்லை. மேகம் இல்லாத இரவில், புல், இலை, ஸ்கூட்டர் சீட் என்று திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பரப்புகள் தம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகின்றன. அவற்றைத் தொடும் காற்றில் இருக்கும் நீராவி அங்கேயே துளியாகிவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான்.

இதை நான் புத்தகத்தில் தேடியதே மகளால்தான். இரண்டாம் நாள் அவள் கேட்டாள்: "நம்ம ஸ்கூட்டர்ல பனி இருக்கு, எதிர் வீட்டு மாமா ஸ்கூட்டர்ல ஏன் இல்ல?" எதிர் வீட்டு வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அன்று ராத்திரி மாடியில் ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் டப்பா மூடிகளை வைத்தோம். ஒன்று வெட்டவெளியில், இன்னொன்று பழைய ஸ்டூலுக்கு அடியில். காலையில் வெளியில் இருந்தது நனைந்திருந்தது. ஸ்டூலுக்கு அடியில் இருந்தது காய்ந்து கிடந்தது. ஸ்டூல் குடை பிடித்துப் பனியைத் தடுத்தது என்றுதான் இருவருமே முதலில் நினைத்தோம். பிறகு வெளியில் இருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தவள், தரையைத் தொடாமல் தூக்கி நின்ற அதன் விளிம்பின் அடிப்பக்கமும் ஈரமாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். மேலிருந்து விழுந்திருந்தால் அடியில் எப்படி நனையும்? அந்தக் கேள்வியோடு இருவரும் தேடத் தொடங்கினோம். மரமும் கூரையும் ஸ்டூலும் பனியைத் தடுப்பதில்லை. சூடு வானத்துக்குத் தப்பிப் போவதைத் தடுக்கின்றன, அதனால் அடியில் இருப்பவை அவ்வளவு குளிர்வதில்லை.

சளி பிடிப்பதற்குக் காரணம் வைரஸ். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது கதவடைத்த அறைகளிலும் நெரிசலான வகுப்பறைகளிலும்தான் அதிகம். நார்வே, ஃபின்லாந்து போன்ற உறைபனி நாடுகளில் கைக்குழந்தைகளை நன்றாகப் போர்த்தி, தள்ளுவண்டியோடு வெளியே தூங்க வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நம் இருபது டிகிரிக்கு ஒரு முழுக்கைச் சட்டை போதும். ஊட்டி, கொடைக்கானல் கதை வேறு. புல்வெளியில் உறைபனி வெள்ளையாய்ப் படரும் அங்கே கம்பளியும் ஷூவும் வேண்டும்.

கண்ணுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கிட்டப்பார்வை உலகம் முழுக்கப் பிள்ளைகளிடம் பெருகி வருகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருக்கும் வகுப்பு மூன்று ஆண்டுகள் நடத்திப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. வழக்கம் போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளி வகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4 சதவீதம். தைவானில் 2010 முதலே பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கச் செய்யும் திட்டம் நடக்கிறது. இதில் வேலை செய்வது வெளிச்சம். வீட்டுக்குள் நல்ல விளக்கு போட்டாலும், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் அது சில நூறுதான். பகலில் மரநிழலில் நின்றால்கூட அது ஆயிரக்கணக்கில். அந்த வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள், கண் அளவுக்கு மீறி நீண்டு வளராமல் பார்த்துக்கொள்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆகவே விடியற்காலை இருட்டில் நடப்பது மனசுக்கு நல்லது. கண்ணுக்கான கணக்கு வெளிச்சம் வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதிகாலை இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம்புகிறோம். அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் உச்சி வேளையை ஒட்டித்தான் போதுமான அளவு வருகிறது. மே மாத உச்சி வெயிலில் பிள்ளையை நிறுத்த முடியாது, ஜனவரியில் முடியும்.

வெளியே போய் என்ன செய்வது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இதற்குத் திட்டம் போட்டால் அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும். மார்கழி வாசலே போதும். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் இன்னும் கோலத்தில் பூசணிப்பூ வைக்கிறார்கள். ஒரு நாள் அந்த வீட்டு அம்மா மகளைக் கொடிக்கே கூட்டிப்போய்க் காட்டினார். நீளக் காம்போடு நிமிர்ந்து நிற்பது ஆண் பூ. காம்பு குட்டையாகி, பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும், அப்போதுதான் காய் குறையாது. விடியலில் விரியும் பூ, வெயில் ஏறினால் சுருண்டுவிடும். பார்க்க வேண்டுமானால் சீக்கிரம் எழுந்தாக வேண்டும். என் மகளை ஒரு வாரம் அலாரம் இல்லாமல் எழுப்பியது அந்தப் பூதான்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இந்தப் பூ இன்னும் ஒரு மாதம் உயிரோடு இருக்கும். மார்கழி முழுக்க வாசலில் வைத்த பூக்களைச் சாணியோடு சேர்த்துத் தட்டிக் காயவைப்பார்கள். தையில் சிறுவீட்டுப் பொங்கல். முற்றத்திலோ தெருவிலோ களிமண்ணால் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன வீடு கட்டி, அதற்குள் சின்னப் பானையில் பொங்கல் வைத்து, பிறகு பொங்கலையும் காய்ந்த பூ வறட்டியையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய் நீரில் விடுவார்கள். பிள்ளைத்தமிழின் சிற்றில் அங்கே இன்னும் கட்டப்படுகிறது. ஒரு மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் பிள்ளையின் கையில் கொடுக்கும் ஒரு விழா. இதைவிடப் பொறுமையான விளையாட்டை யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. இதைச் செய்கிற குடும்பங்கள் விட்டுவிடக் கூடாது என்று மனசாரக் கேட்டுக்கொள்கிறேன்.

காதுக்கும் வேலை உண்டு. விடியலுக்கு வெகு முன்பே கம்பியில் உட்கார்ந்து கூவத் தொடங்கும் இரட்டைவால் குருவி. கரிச்சான் என்றும் சொல்வார்கள். ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து பங்குனி வரை நம் தோட்டங்களில் தங்கும் ஒரு சின்னப் பறவை, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரமாக விசில் அடிக்கும். அதனாலேயே அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். கண்ணில் படுவது அபூர்வம். குரலை மட்டும் கேட்டுவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் பார்க்கும் அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதில் அப்பா, மகள் என்ற வித்தியாசம்கூட இருப்பதில்லை.

அரையாண்டு விடுமுறை சரியாக இந்தக் காலத்தில் வருவது பெரிய வசதி. நண்பகலில் பிள்ளையை மாடியில் நிற்க வைத்து, நிழலைச் சாக்பீஸால் வரையுங்கள். டிசம்பர் 21, 22 தேதிகளில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. தெற்கே சாய்ந்தே போகும். நாலடி உயரப் பிள்ளைக்கு நண்பகலிலும் ஏறக்குறைய மூன்றடி நிழல் வடக்கே விழும். ஏப்ரல் நான்காம் வாரத்தில் ஒரு நாள் அதே பிள்ளையின் நிழல் காலடிக்குள் மறைந்துவிடும். இரவில் எட்டு மணிக்குக் கிழக்கே ஒரே கோட்டில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களை எந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். அதற்கு அருகே செம்மையாக மின்னுவது திருவாதிரை. அதற்கு மேலே கொத்தாக இருப்பது கார்த்திகை. திருக்கார்த்திகை, ஆருத்ரா என்று நாம் நாள்காட்டியில் பார்க்கும் பெயர்கள் முழுநிலா எந்த நட்சத்திரத்தின் அருகே நிற்கிறது என்பதைச் சொல்பவை. இதை நானே நாற்பது வயதில் மொட்டை மாடியில் மகளோடு நின்றபோதுதான் கண்ணால் சரிபார்த்தேன்.

வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் இதே காலத்தில்தான் பறவைகளால் நிறைகின்றன. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைக் கூந்தன்குளத்தில் பார்க்கலாம். கட்டாயம் போக வேண்டிய இடங்கள். ஆனால் ஒரு நாள் காரில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது, தினமும் கால் மணி நேரம் தெருவில் நடப்பதற்கு ஈடாகாது. பிள்ளைக்குப் பேச்சு வருவது மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அதே தெருவில், அதே மரத்தடியில். வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் காலையில் நேரம் ஏது என்றால், பள்ளி வேன் நிற்கும் முனைக்குப் பத்து நிமிடம் முன்னால் போனாலும் போதும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் உண்டு. குளிர்ந்த காலையில் கனத்த காற்று தரையோடு தங்கிவிடும். வண்டிப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் மேலே போகாது. பெரிய சாலையை ஒட்டி இருப்பவர்கள் உள் தெருவுக்கோ மாடிக்கோ போவது நல்லது. இளைப்பு உள்ள பிள்ளைகளைப் போகி காலையில் வெளியே கொண்டுவரவே கூடாது. மற்ற நாள்களிலும் மருத்துவர் சொல்படிதான்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் இனம். தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகும். 1988 முதல் மாணவர் குழு ஒன்று இரவுகளில் இந்தக் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. குஞ்சுகளைக் கடலில் விடும் சாயங்காலத்தைக் காட்டலாம் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு முன்பே, பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நீலாங்கரைப் பக்கம் நடக்கும்போது செத்த ஆமை ஒன்றின் முன்னால் போய் நின்றுவிட்டோம். ஓட்டின் மேல் மணல் காய்ந்திருந்தது. கண் பிதுங்கியிருந்தது. திருப்பிக் கூட்டிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிச் செத்துச்சு?"

ஆமைக்கும் நம்மைப் போல மூச்சு விடக் காற்று வேண்டும், நீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கும், இழுவலைக்குள் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது என்று சொன்னேன். ஆமை வெளியேறிப் போக வழி வைத்த வலைகளும் உண்டு என்றேன். அதையெல்லாம் அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. வீடு வரும் வரை ஒன்றும் பேசவில்லை.

மூன்று நாள் கழித்துப் பால் பூத்துக்குப் போகும் வழியில், ஏரிக்கரைப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "தாத்தாவும் மூச்சு விட முடியாமத்தான் போனாராப்பா?"

என் அப்பா 2023 மழைக்காலத்தில், மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பிள்ளைக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று அவளை அத்தை வீட்டில் விட்டிருந்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப யார் பக்கத்துல இருந்தாங்க?"

"நான் இருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

கொஞ்ச தூரம் நடந்தோம். பூத் வந்தது. இரண்டு பாக்கெட் வாங்கி ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். வந்த வழியே திரும்பாமல், ஏரியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.